சில்லறையில் கிடைக்கும் வித்தியாசமான நாணயங்கள்: தேய்ந்த அச்சா, சேதமா, உண்மைப் பிழையா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணயச் சேகரிப்போர் கூடும் எங்கள் மாதக் கூட்டத்திற்குப் புதிதாக வருபவர்கள் பலரும் முதலில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒரு ரூபாயையோ ஐந்து ரூபாயையோ நீட்டி, ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இவை இந்தியக் குடியரசின் புழக்க நாணயங்களுக்கு மட்டுமே உரியவை. சோழர் காசுகளுக்கும் கம்பெனி காலத்துக் காசுகளுக்கும் சோதனை முறைகள் வேறு.

எரர் காயின் என்றால் என்ன? மற்ற நாணயம் மாதிரி இல்லாமல் வித்தியாசமாக இருந்தாலே எரர்தானே?

இல்லை. நாணயச்சாலையை விட்டு வெளியேறுவதற்கு முன்பு, வில்லை (நாணயமாக அடிக்கப்படும் உலோக வட்டு) தயாரிப்பிலோ அச்சிலோ அடிப்பிலோ நேர்ந்த தவறு நாணயத்தில் பதிந்திருந்தால் மட்டுமே அது பிழை நாணயம். வெளியே வந்தபின் பேருந்து நடத்துநரின் தோல்பையிலும் கோயில் உண்டியலிலும் பட்டறையிலும் தெருவிலும் அதற்கு நேர்ந்த எதுவும் சேதம்தான்.

இவ்விரண்டிற்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஓர் அச்சைக் கொண்டு ஆயிரமாயிரம் நாணயங்களை அடிக்கும்போது அந்த அச்சு தேயத்தான் செய்யும். அப்படித் தேய்ந்த அச்சில் அடித்த நாணயம் நாணயச்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகிறது என்றாலும், அதை யாரும் பிழை என்று மதிப்பதில்லை. புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில்தான்.

நாணயம் எப்படி அடிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டுமா?

கட்டாயம் தெரிய வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளைத் துளைத்து எடுப்பார்கள். ஓரத்தை உருட்டி வரம்பு எழுப்புவார்கள். வில்லையைச் சூடேற்றி மென்மையாக்குவார்கள். பிறகு அதை ஒரு வளையத்துக்குள் இருத்தி மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் ஓங்கி அழுத்துவார்கள். இந்த வளையத்தைச் சேகரிப்போர் காலர் என்றும் அச்சை டை என்றும் சொல்வார்கள். அழுத்தத்தில் உலோகம் பிதுங்கி அச்சின் குழிவுகளை நிரப்புகிறது, காலர் அதை வெளியே பரவாமல் தடுக்கிறது.

இதிலிருந்து ஓர் அடிப்படை விதி கிடைக்கிறது. அச்சில் குழிந்திருப்பது நாணயத்தில் புடைத்து நிற்கும். அச்சில் புடைத்திருப்பது நாணயத்தில் குழியும். ஆகவே அச்சு உடைந்து ஒரு துண்டு பெயர்ந்தால் நாணயத்தில் அந்த இடம் மேடாகுமே தவிரப் பள்ளமாகாது. நாணயத்தில் பள்ளம் இருந்தால், உலோகம் அங்கிருந்து எங்கே போனது என்று கேளுங்கள். பக்கத்தில் மண்வெட்டியால் அள்ளிக் குவித்ததுபோல் உலோகம் ஒதுங்கி நின்றால், அது பின்னால் பட்ட அடி.

சோதிக்க என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

நகை வேலை செய்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, 0.01 கிராம் வரை காட்டும் சிறு எடைக்கருவி, வெர்னியர் அளவுகோல், சிறு காந்தம் ஆகியவை போதும். நுண்ணோக்கி இல்லாமல் தெரியாத எதற்கும் சில்லறைப் புழக்கத்தில் மதிப்பில்லை என்பது என் கருத்து.

எடையும் விட்டமும் தெரியாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். 1992 முதல் வந்த துருவுறா எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், 25 மி.மீ.; 2011-இல் ரூபாய்க் குறியுடன் வந்தது 3.79 கிராம், ஏறத்தாழ 22 மி.மீ. பழைய பதினொரு முனை இரண்டு ரூபாய் 6 கிராம். ஐந்து ரூபாயில் பழைய செம்பு-நிக்கல் தடி நாணயம் 9 கிராம், பின்வந்த எஃகும் மஞ்சள் நிற நிக்கல் பித்தளையும் 6 கிராம். மூன்றுக்கும் விட்டம் 23 மி.மீ.தான். பத்து ரூபாய் 7.71 கிராம், 27 மி.மீ. சிறிய ஏற்றத்தாழ்வைச் சட்டமே அனுமதிக்கிறது. எஃகு நாணயம் காந்தத்தில் ஒட்டும், செம்பு-நிக்கல் ஒட்டாது.

என் ஒரு ரூபாயில் எழுத்தெல்லாம் ஊதிப்போய், மங்கலாக, வெளிப்பக்கம் இழுத்த மாதிரி இருக்கிறது. இது எரர்தானே?

இதுதான் தேய்ந்த அச்சு. கூட்டத்துக்கு வரும் பொட்டலங்களில் நான் மிகுதியாகப் பார்ப்பதும் இதைத்தான். ஒவ்வொரு அடியிலும் உலோகம் நடுவிலிருந்து வரம்பை நோக்கி உரசிக்கொண்டே ஓடுகிறது. ஆற்று நீர் பாறையை அரிப்பதுபோல அந்த ஓட்டம் அச்சின் முகத்தை அரித்து, எழுத்துக் குழிகளின் வெளிக்கரையை மெல்ல மெல்ல அகலப்படுத்துகிறது. அதனால் நாணயத்தில் எழுத்துகள் வரம்பின் பக்கமாக வீங்குகின்றன. தளம், அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றுப் பரப்பு, வழவழப்பை இழந்து ஆரஞ்சுப் பழத் தோலைப்போல் மேடுபள்ளமாகிறது. ஒளியில் சாய்த்துப் பார்த்தால் நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. துருவுறா எஃகு செம்பு-நிக்கலைவிடக் கடினமானது; அது அச்சை விரைவாகத் தேய்க்கிறது. எஃகு ஒரு ரூபாயிலும் இரண்டு ரூபாயிலும் இந்தக் குறி இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இதற்குக் கூடுதல் விலை கிடையாது. ஆனாலும் புதிய அச்சில் அடித்த நாணயம் ஒன்றையும் நன்றாகத் தேய்ந்த அச்சில் அடித்தது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பின்வரும் விடைகள் பலவற்றுக்கும் அந்தப் பயிற்சி வேண்டும்.

தேய்ந்தது அச்சா, புழங்கிப் புழங்கித் தேய்ந்த நாணயமா என்று எப்படிச் சொல்வது?

புழக்கத் தேய்வு உயரமான இடங்களில் தொடங்கும். சிங்கத் தலையின் பிடரியும் கன்னமும் தட்டையாகி மினுங்கும். எழுத்துகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் மட்டும் பழைய கூர்மையோடு இருக்கும். அச்சுத் தேய்வில் பள்ளங்களும் எழுத்தோரங்களும்தான் குழைந்திருக்கும். நாணயம் புத்தம் புதிதாக, உயரமான இடங்களிலும் ஆலைப் பளபளப்பு மாறாமல் இருக்கும். வங்கியிலிருந்து வந்த பிரிக்காத பையில் மங்கலான நாணயம் கிடைத்தால் அது அச்சுத் தேய்வு, அல்லது அழுத்தம் போதாத அடிப்பு.

அழுத்தம் போதாத அடிப்பில் வில்லையின் மேற்பரப்பில் இருந்த பழைய கீறல்களும் சொரசொரப்பும் நசுங்காமல் அப்படியே மிஞ்சியிருக்கும். எழுத்து முழுமை பெறாது, ஆனால் வீங்காது.

ஆண்டு எண்ணும் எழுத்தும் இரண்டு இரண்டாகத் தெரிகின்றன. டபுள் டை என்று நினைக்கிறேன், சரியா?

பெரும்பாலும் இல்லை. இரட்டைத் தோற்றத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. உண்மையான டபுள் டையில் தவறு நேர்வது அச்சு செய்யப்படும்போது. மூலத்திலிருந்து அச்சுக்கு உருவத்தை மாற்றும் வேலையில் இரு பதிவுகள் சற்றே விலகிப் படிந்துவிடுகின்றன. அந்த அச்சில் அடித்த நாணயத்தில் இரண்டு உருவங்களும் முழுப் புடைப்போடு, உருண்ட மேற்பரப்போடு இருக்கும். எழுத்தின் மொத்த அகலம் இயல்பைவிடக் கூடியிருக்கும். கோடு முடியும் முனைகளில் வெட்டுப்பிளவு தெரியும்.

இரண்டாவது, அடிப்பு முடிந்த நொடியில் தளர்ந்த அச்சு சற்று அசைவதால் வருவது. இதைச் சேகரிப்போர் மெஷின் டபுளிங் என்பார்கள். புடைத்து எழுந்த எழுத்தின் ஓரத்தை அச்சு நசுக்கிவிடுவதால், எழுத்தை ஒட்டிப் படிக்கட்டு போன்ற தட்டையான, பளபளக்கும் ஒரு தளம் உண்டாகும். அந்தப் படி எழுத்தின் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதால் எழுத்தின் உச்சி ஒடுங்கிவிடும். அகலம் கூடியதா, எழுத்து ஒடுங்கியதா என்ற ஒரே கேள்வியில் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். மெஷின் டபுளிங்குக்கு மதிப்பில்லை.

மூன்றாவது, முன்னே சொன்ன அச்சுத் தேய்வே முற்றிப்போய் எழுத்தின் வெளிக்கரையில் நிழல்போல் காட்டுவது. அதற்குத் தெளிவான ஓரம் இருக்காது. வரம்பை நோக்கிய பக்கத்தில்தான் மிகும். ஆரஞ்சுத் தோலும் கூடவே இருக்கும்.

எதையும் முடிவு செய்வதற்கு முன் அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறியுள்ள வேறு நாணயங்களைத் தேடுங்கள். அச்சில் உள்ள தவறு அந்த அச்சில் அடித்த எல்லா நாணயங்களிலும் அதே இடத்தில் அதே வடிவில் திரும்ப வரும். சேதம் அப்படித் திரும்ப வராது.

‘பாரத்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தே காணோம். இதுவும் மதிப்பில்லாததா?

அச்சின் எழுத்துக் குழியில் மசகும் உலோகத் தூளும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உலோகம் அங்கே புக முடியாது. எழுத்து மங்கும் அல்லது முழுவதும் மறையும். இது நாணயச்சாலையில் நேர்ந்ததுதான் என்றாலும் எளிதில் நேர்வது. ஓர் எழுத்து மங்கியிருந்தால் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மதிப்பு இலக்கமோ ஆண்டோ முழுமையாக மறைந்து, மீதி எல்லாம் கூர்மையாக இருந்தால் எடுத்து வையுங்கள்.

ஆனால் முதலில் அது சுரண்டப்பட்டதா என்று பாருங்கள். அடைபட்ட அச்சில் எழுத்து இருந்த இடம் சுற்றுத் தளத்தின் நிறத்திலும் நயத்திலும் இருக்கும். எழுத்து படிப்படியாகத் தேய்ந்து மறையும். அரம் போட்ட நாணயத்தில் அந்த இடம் மட்டும் தனி மினுமினுப்போடு, இணைகோடுகளோடு, சற்றுத் தாழ்ந்து இருக்கும்.

நாணயத்தின் மேல் கம்பி மாதிரி ஒரு மேட்டுக்கோடு ஓடுகிறது. இன்னொன்றில் ஓரத்தில் ஒரு கட்டி இருக்கிறது.

மேட்டுக்கோடு அச்சு விரிசல். அடிப்படை விதியை நினைவில் கொள்ளுங்கள்: அச்சில் பிளவு, நாணயத்தில் மேடு. மயிரிழை விரிசல்கள் மிகச் சாதாரணம். வரம்பிலிருந்து வரம்புவரை நாணயத்தையே கடக்கும் தடித்த விரிசலைச் சேகரிப்போர் விரும்புவார்கள். விரிசல் வளைந்து வரம்போடு சேர்ந்து அந்தத் துண்டு பெயர்ந்து விழுந்தால், அங்கே உருவம் ஏதுமற்ற வழவழப்பான திட்டு புடைத்து நிற்கும். இதன் பெயர் கட் (cud). இது நல்ல பிழை.

ஈயம் உருகிச் சொட்டியதையும் பசை காய்ந்ததையும் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். நாணயத்தைத் திருப்பி, கட்டிக்கு நேர் பின்புறத்தைப் பாருங்கள். உண்மையான கட் பிழையில் உலோகம் முன்பக்கக் குழிக்குள் போய்விட்டதால் பின்புறத்தில் அந்த இடத்து உருவம் மங்கியிருக்கும். ஒட்டிய ஈயத்துக்குப் பின்னால் எதுவும் மாறியிருக்காது, எடையும் கூடியிருக்கும்.

பல்லால் கடித்த மாதிரி ஓரம் வெட்டுப்பட்ட ஐந்து ரூபாய் வைத்திருக்கிறேன். யாராவது வெட்டியிருப்பார்களோ?

இரண்டும் நடக்கிறது. தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வில்லை எடுத்த துளையின் மேலேயே மறுபடி துளைத்தால் பிறை வடிவில் ஒரு பகுதி இல்லாத வில்லை கிடைக்கும். அந்தக் குறையோடு அடிக்கப்பட்டதால் வெட்டை ஒட்டிய எழுத்துகள் அதை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கும். வெட்டுமுகத்தில் உலோகம் லேசாக உருண்டிருக்கும். எனக்கு மிக நம்பிக்கையான சான்று வெட்டுக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கிறது: அங்கே வரம்பு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். ஓரத்தை உருட்டி வரம்பு எழுப்பும் எந்திரத்தில் ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காமல் போவதே காரணம். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். வெட்டு மிகச் சிறியதாக இருந்தால் இது தெரியாமலும் போகலாம்.

பட்டறையில் வெட்டியதில் எழுத்து கத்திபட்ட இடத்தில் முழு உயரத்தோடு திடீரென முடியும். வெட்டுமுகத்தில் ரம்பப் பல்லோ அரக்கோடோ தெரியும். எதிர் வரம்பு குறையில்லாமல் இருக்கும்.

உருவம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. ஆஃப் சென்டர் என்று சொல்லி விற்கலாமா?

முதலில் மறுபக்கத்தைப் பாருங்கள். வில்லை காலருக்குள் சரியாக உட்காராமல் அடிபட்டால் இரண்டு பக்கமும் ஒரே திசையில் ஒதுங்கும், ஒரு பிறை வெறுமையாக நிற்கும், நாணயம் வட்டத்தை இழக்கும். அதுதான் ஆஃப் சென்டர். ஆண்டு முழுமையாகத் தெரிந்து பாதியளவு ஒதுங்கியிருந்தால் அது விரும்பப்படும் நாணயம். ஒரு பக்கம் மட்டும் சற்று ஒதுங்கி, வரம்பு ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும், நாணயம் வட்டமாகவும் இருந்தால் ஓர் அச்சு மட்டும் நகர்ந்து பொருந்தியிருக்கிறது, இது சாதாரணம்.

காலரே இல்லாமல் அடிபட்டால் நாணயம் அகன்றுவிடும். ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய நாணயமும் அகன்றிருக்கும். முன்னதில் நடு உருவம் இயல்பான அளவிலும் கூர்மையிலும் இருந்து, அதைச் சுற்றியுள்ள பகுதிதான் பரவியிருக்கும். நசுக்கியதில் உருவமே பரவி, எழுத்து பெரிதாகித் தட்டையாகியிருக்கும். எடை இரண்டிலும் சரியாகவே இருக்கும் என்பதால் எடைக்கருவி இங்கே உதவாது.

திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் தலைகீழாக இருக்கிறது.

எப்படித் திருப்பினீர்கள் என்பது முக்கியம். சிங்கமுகப் பக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். இந்திய நாணயத்தில் மறுபக்கமும் நிமிர்ந்து தெரிய வேண்டும். மேலிருந்து கீழாகத் திருப்பினால் எல்லா இந்திய நாணயங்களும் தலைகீழாகத்தான் தெரியும். அமெரிக்க நாணயங்களில் முறை நேர்மாறானது.

சரியாகத் திருப்பியும் கோணம் மாறியிருந்தால் அது அச்சுச் சுழற்சி. பத்துப் பதினைந்து பாகைச் சுழற்சியைப் பொருட்படுத்த வேண்டாம். தொண்ணூறு பாகை, நூற்றெண்பது பாகை என்றால் உண்மையான பிழை. இதைப் போலியாக உருவாக்குவது கடினம் என்பதால் தொடக்கநிலைச் சேகரிப்போருக்கு நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான். ஆனால் இருநிறப் பத்து ரூபாயை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். காரணம் கீழே தனியாக வருகிறது.

ஒரு பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறிப் பதிந்திருக்கின்றன. இது லக்கி காயினா?

அடித்த நாணயம் வெளியேறாமல் ஓர் அச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் அடிபட்டால், அந்த வில்லையின் ஒரு பக்கத்தில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். இதுவே புரோக்கேஜ், வட இந்திய வணிகர் வழக்கில் லக்கி (Lakhi). முழுமையானதில் அந்தப் பக்கத்துக்கு உரிய இயல்பான உருவம் சிறிதும் இருக்காது, கண்ணாடி உருவம் பக்கம் முழுவதும் நிறைந்திருக்கும், மறுபக்கம் இயல்பாக இருக்கும்.

இதையே இரண்டு நாணயங்களை இடுக்கிப்பொறியில் வைத்து முடுக்கியும் காட்டிவிடலாம். அப்படிச் செய்ததில் பழைய உருவம் நசுங்கி அடியில் தெரியும், அதன்மேல் கண்ணாடி எழுத்துகள் ஆங்காங்கே குழிந்திருக்கும், மறுபக்கமும் தட்டையாகியிருக்கும். சந்தையில் பிழை என்று நீட்டப்படும் போலிகளில் நான் அதிகம் வருந்துவது இதற்குத்தான், ஏனென்றால் இது தற்செயல் சேதமில்லை, ஏமாற்றவே செய்தது.

இவற்றோடு சேராத இன்னொன்று அச்சு மோதல். இடையில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் முட்டிக்கொண்டால் ஒன்றின் உருவக்கோடு மற்றதில் லேசாகப் பதியும். நாணயத்தில் அது மெல்லிய புடைப்பாக, தளத்தில் மட்டும், மறுபக்க உருவத்தின் வெளிக்கோட்டோடு பொருந்தித் தெரியும்.

பத்து ரூபாயில் நடு வில்லை திரும்பியிருக்கிறது. அதைக்கூட ஒருவர் மாற்ற முடியுமா?

முடியும். வெளி வளையமும் நடு வில்லையும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, அடிக்கும் அழுத்தத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. ஓங்கித் தட்டினால் நடு வில்லை கழன்றுவிடும். அதைச் சுழற்றியோ கவிழ்த்தோ மறுபடி உள்ளே தட்டிவிடலாம். கண்ணாடியில் இணைப்பைச் சுற்றிப் பாருங்கள்: இடைவெளி, நெளிந்த உலோகம், சுத்தியல் தழும்பு ஏதேனும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இரு பகுதிகளும் ஒரே அடிப்பில்தான் உருவம் பெறுகின்றன. எனவே ஒரே பக்கத்தில் நடு உருவமும் வளையத்து எழுத்தும் தம்முள் கோணம் மாறுவதற்கு நாணயச்சாலையில் வழியே இல்லை. நடு வில்லை ஒதுங்கிப் பொருந்தி, அதன்மேல் உருவம் இடைவிடாமல் தொடர்ந்து அடிபட்டிருந்தால் மட்டும் அது உண்மைப் பிழை. 20 ரூபாய்க்கும் இதே விதி.

சிலுவை போட்ட இரண்டு ரூபாய், கட்டைவிரல் போட்ட ஒரு ரூபாய், 2011-இல் ஒரே ஆண்டில் இரண்டு அளவு. இவை எரர் இல்லையா?

இல்லை. இவை அரசு திட்டமிட்டு வெளியிட்ட வடிவங்கள். சிலுவை என்று சொல்லப்படுவது வேற்றுமையில் ஒற்றுமை என்ற கருத்தில் வந்தது. விரல்கள் நடன முத்திரைகள். 2011-இல் பழைய வரிசையும் ரூபாய்க் குறியுள்ள புதிய வரிசையும் ஒரே ஆண்டு எண்ணோடு வந்தன. ரூபாய்க் குறி இல்லாத பத்து ரூபாயும் செல்லும். தமிழ்நாட்டில் பல கடைகள் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்துவந்த காலத்தில், 2018 சனவரியில் ரிசர்வ் வங்கி அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது.

ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறிகளும் பிழையல்ல. மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி; கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. குறி இல்லை என்பதால் பிழை என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் வைத்திருப்பது கொல்கத்தா நாணயம்.

நாணயம் மெலிந்திருக்கிறது, எடையும் குறைவு. இன்னொன்று செம்பு நிறத்தில் இருக்கிறது. வேறு உலோகத்தில் அடித்ததோ?

மெலிந்த நாணயத்தில் எழுத்தும் தளமும் வரம்பும் ஒரே சீராகக் கரைந்து, மேற்பரப்பு நுண்துளைகளோடு சொரசொரப்பாக இருந்தால் அது அமிலத்தில் கிடந்தது. உண்மையிலேயே மெல்லிய வில்லையில் அடித்ததில் உருவம் அழுத்தம் போதாமல் மங்கும், ஆனால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்.

நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள். நெருப்பு, மண், மஞ்சளும் குங்குமமும் படிந்த ஈரம், முலாம் எல்லாம் நிறத்தை மாற்றும். எடை, விட்டம், காந்தம் மூன்றும் அந்த மதிப்புக்குரிய அளவோடு பொருந்தினால் அது இயல்பான நாணயம். மூன்றும் வேறொரு மதிப்பின் வில்லைக்குப் பொருந்தி, உருவமும் அந்தச் சிறிய வில்லைக்கு ஏற்ப ஓரங்களில் வெட்டுண்டிருந்தால், உடனே அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். எந்த நிலையிலும் புளியோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் நாம் படிக்க வேண்டிய மேற்பரப்பே அழிந்துவிடும்.

இதே நாணயத்துக்குப் பல லட்சம் தருவதாகக் காணொளியில் சொல்கிறார்கள். முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டவே கூடாது. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதாகக் கூறிக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி, 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. தான் இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும் கட்டணம் கேட்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. இத்தகைய காணொளிகளில் காட்டப்படும் வைஷ்ணவ தேவி உருவமுள்ள நாணயமும் புழக்கத்துக்கென்றே வெளியிடப்பட்டது. அதில் பிழை ஏதும் இல்லை. வாங்குபவர் விற்பவரிடம் முன்பணம் கேட்பது எந்த நேர்மையான வணிகத்திலும் இல்லை.

ஒரே நாணயத்தில் விரிசல், கீறல், தேய்வு எல்லாம் கலந்திருந்தால் எதை எதிலிருந்து பிரிப்பது?

எது எதன்மேல் கிடக்கிறது என்று பாருங்கள். பிந்தியது முந்தியதை வெட்டும். நாணயத்தில் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். அது உயரமான எழுத்தின் தலையை வெட்டிச் சென்று, தாழ்ந்த தளத்தைத் தொடாமல் தாண்டிவிடுவதும் உண்டு. விரிசல் மேட்டைக் குறுக்கிட்டால் அந்த மேட்டையும் அறுத்திருக்கும்.

மேட்டுக்கோடுகளிலும் இரண்டு வகை உண்டு. அச்சு விரிசல் தளத்தில் ஓடி, எழுத்தின் மேலும் ஏறி இறங்கி, தடையில்லாமல் தொடரும், ஏனென்றால் அச்சு முழுவதுமே பிளந்திருக்கிறது. தேய்ந்த அச்சைத் திரும்பப் பயன்படுத்துவதற்காக மெருகிடும்போது விழும் கோடுகள் தளத்தில் மட்டும் இணையிணையாக ஓடி, எழுத்தின் ஓரத்தில் நின்றுவிடும். அச்சில் எழுத்து குழிவாக இருப்பதால் மெருகுக்கல் அதற்குள் இறங்குவதில்லை. எழுத்தின் இரு புறமும் கோடுகள் இருந்து, எழுத்தின்மேல் எதுவும் இல்லை என்றால், உங்கள் கையில் இருப்பது மெருகிட்ட அச்சில் அடித்த ஓர் இயல்பான நாணயம்.